சொறிமீனின் வாரிசு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் ஒரு மூலையில், ஒரு சின்ன ஷெட்டில் ஹேமாவதி பசை தயாரிக்கிறாள். பசை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பாலிமர் என்று சொல்ல வேண்டும். மரபணுவுக்கும் உயிரணுவுக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் மைனஸ், கிட்டே போனால் தள்ளிக்கொள்ளும். ஹேமாவதியின் பாலிமர் பிளஸ். மரபணுவைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு உயிரணுவுக்குள் நைசாக நுழைந்துவிடும். ஹைதராபாத் மருந்துக் கம்பெனி ஒன்று வாங்கத் தயார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் உரிமம் காட்ட வேண்டும். இல்லையென்றால் ஷெட்டுக்குப் பூட்டுதான்.

உரிமத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வரை எல்லாம் வழங்கும் மேன்மைமிகு அலுவலர் சுப்பராயன் ஆய்வுக்கு எழுந்தருளினார். ஹேமாவதி மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். உயிரணுக்கள் பச்சைப் பசேலென்று மின்னின.

"பச்சை எங்கேர்ந்து வந்துச்சு?"

"சொறிமீனோட ஜீன் சார், ஜெல்லி ஃபிஷ். என் பாலிமர் அதை ஒழுங்கா கொண்டுபோய் சேர்த்தா செல்லு பச்சையா மின்னும். டெஸ்டுக்குத்தான்."

சுப்பராயன் நாற்காலியில் சாய்ந்தார். "ஜீன் இன்னாம்மா பண்ணும்? அப்பன்கிட்டேர்ந்து புள்ளைக்குப் போவும். அப்ப அது பரம்பரைச் சொத்து. வாரிசோட ஆட்சேபணையின்மைச் சான்று எங்க?"

"சொறிமீனுக்கா?"

"சட்டத்தின் முன் அனைவரும் சமம். நிரந்தர முகவரி?"

"பசிபிக் பெருங்கடல்."

"அது எந்தத் தாலுகா?"

சுப்பராயனே கருணையோடு வழி சொன்னார். "பழவேற்காட்டுலயும் சொறிமீன் இருக்குதுல்ல? அதையே போட்டுக்கலாம். ஆனா ஏரியில ஆந்திரா பக்கமும் இருக்கு. நம்ம பக்கத்து மீனா இருக்கணும்."

வியாழக்கிழமை சுப்பராயனின் அலுவலக வராந்தாவில் ஹேமாவதி அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழவேற்காட்டு மீனவர் ஆதிநாராயணன். அப்பா செத்துப் பல வருஷமாகியும் வாரிசுச் சான்றிதழ் கிடைக்காமல் அந்த பெஞ்சுக்கே வாரிசாகிவிட்டவர். கதையைக் கேட்டதும் லுங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார்.

"தோ பாரும்மா, சொறிமீனு கொட்டிப் போட்ட கோடு. எங்க நைனா எனக்கு இன்னா வச்சிட்டுப் போனாரு? ஒண்ணும் இல்ல. இந்த மீனுதான் இதை வச்சிட்டுப் போச்சு. நான் வாரிசு இல்லாட்டி வேற யாரு?"

மீனையும் உரிமத்தையும் ஒட்டவைக்கத் தன் பாலிமரே லுங்கி கட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது ஹேமாவதிக்கு. அவரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சுப்பராயன் தழும்பைக் கூர்ந்து நோக்கினார். "ஏரியில எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்தான் சார். தமிழ்லதான் கத்துனேன்."

அன்று மாலையே சொறிமீனின் வாரிசுச் சான்றிதழ் வந்தது, ஆதிநாராயணன் ஆட்சேபணையில்லை என்று கையெழுத்துப் போட்டதும் பின்னாலேயே உரிமமும் வந்தது. ஆதிநாராயணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "சார், அப்படியே எங்க நைனாவுக்கும்..."

"அது தள்ளுபடி. நீர் இப்ப சொறிமீன் வாரிசு. ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பன் சட்டத்துல கிடையாது. உங்க நைனாவும் சொறிமீன்தான்னு நிரூபிச்சா பரிசீலிக்கலாம்."

"பேஜாராப் போச்சேம்மா," என்றார் ஆதிநாராயணன். ஹேமாவதி அவருக்காக திங்கட்கிழமை வந்து சண்டை போடுவதாகச் சத்தியம் செய்தாள்.

சொன்னபடி வந்தாள். வரிசை கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. சொறிமீன் வாரிசுக்கு ஒரே நாளில் சான்றிதழ் என்று ஊரெல்லாம் பரவியிருந்தது. கடலையே பார்க்காத ஆரணிக்காரர்கள் கொசுக்கடியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "நாங்க பரம்பரையா சொறிமீனு, நேத்து சேர்ந்தவங்க இல்ல," என்று ஒருவர் சட்டையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போனார்.

ஆதிநாராயணன் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தார். "வந்துட்டியாம்மா! வா, உள்ள போயி கேளு."

"கேக்கறேண்ணே," என்ற ஹேமாவதி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். "அடுத்த வருஷம் உரிமம் புதுப்பிக்கணும். எதுக்கும் எனக்கும் ஒரு சொறிமீன் சான்றிதழ் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, நகத்தால் தன் கையில் ஒரு கோடு கீறிக்கொண்டாள்.