மில் பையன்களின் ஆட்டம் ஆடி தாண்டுமா?

சங்கரன்கோவில்,
ஆடி 16, 1979.

அன்புத் தம்பி ஆறுமுகச்சாமிக்கு அக்காள் சுந்தரம்மாள் எழுதிக்கொள்வது.

கோமதியம்மை புண்ணியத்தில் இங்கே நானும், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையைத் தவிர என் மற்ற அவயவங்களும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும் தங்கத்தாயும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அதிலிருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். அறுபது வயதிலும் திருந்தலாம்.

நம் மில்லின் புதிய கூடைப்பந்து அணி, ஆனியில் லீக் தொடங்கியதிலிருந்து ஒரு பந்தயத்தில்கூடத் தோற்கவில்லை. இந்தப் பொடியன்கள் கடைசிவரை இப்படியே ஜெயிப்பார்களா, அல்லது ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் இவர்களை நிறுத்திவிட்டு அங்கிருந்து பழகிய ஆட்டக்காரர்களை அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மில் வேலை என்பது பேருக்குத்தான். இவர்களுக்கு நீ கொடுக்கும் சம்பளம் பந்துக்காக. அணி போனால் ஐந்து வீட்டிலும் அடுப்பு யோசிக்கும். ஆகையால் பாசத்தை ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன். மைதானம் என் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நானும் பாளையங்கோட்டை கான்வென்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேப்டனாக ஆடியவள். என் முடிவு: தாங்காது.

முதலாவது, இவர்களுக்கு ஆட்டமே தெரியாது. குருவிகுளத்துப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூக்காண்டியை உயரத்தைப் பார்த்துச் சேர்த்தாய் அல்லவா, அவன் எதிராளியைத் தடுப்பதில்லை, மேய்க்கிறான். இரண்டு கையையும் விரித்து, நாக்கைச் சொடுக்கிக்கொண்டு, பந்தோடு வருகிறவனை மெல்ல மெல்லக் கோட்டுக்கு வெளியே ஓட்டிவிடுகிறான். வெளியே போனவனுக்கும் தான் எப்படிப் போனோம் என்று தெரிவதில்லை. "எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது இது?" என்று கேட்டேன். "ஆச்சி, ஆட்டுக்கு ஏது புஸ்தகம்?" என்கிறான். இப்படி ஜெயிப்பது வெற்றியா, விபத்தா?

இரண்டாவது, சாப்பாடு. ஜெயிக்க ஜெயிக்க ஊரே இவர்களை மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளாக நினைத்துக்கொண்டது. தினம் ஒரு தெருவில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிச் சாப்பாடு. இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொண்டால் எல்லாம் செரித்துவிடும் என்று கோச் சண்முகையாவே முதல் பந்தியில் உட்காருகிறார். கேப்டன் நஜ்முதீனின் தாயார் மெஹர்பானு மட்டும்தான் புத்திசாலி என்று நினைத்திருந்தேன். போன வாரம் அவள் வீட்டிலிருந்து ஒரு அண்டா பிரியாணி மைதானத்துக்கே வந்து இறங்கியது. நானும் கொஞ்சம் சாப்பிட்டேன், தரம் பார்ப்பதற்காக.

மூன்றாவதுதான் பெரிய கூத்து. அணியில் இன்னொருவனான சங்கரபாண்டியனின் தாய் முத்துத்தாய், பையன்கள் தொடர்ந்து ஜெயித்தால் எல்லாரும் ஆடிச்சுற்று சுற்றுவார்கள் என்று நேர்ந்துவிட்டாள். தபசுக்குக் கொடி ஏறியதும் கோவிலை நூற்றெட்டு முறை சுற்றுவது உனக்குத் தெரியும். மதுரைக்காரர்களோடு சாயங்காலம் பந்தயம், இவர்கள் காலையில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் நேரே போய்ப் பிடித்தேன்.

"ஏட்டி முத்துத்தாய், சாயங்காலம் இவனுவ ஓடணுமா வேண்டாமா?"

"ஜெயிக்க வச்சது அம்மை. அவளுக்குக் கடன் வச்சுட்டு ஓடச் சொல்லுதீயளா ஆச்சி?"

"காலு போயிருமேட்டி."

"காலக் கோச்சு பாக்கட்டும். அதுக்குத்தான சம்பளம் வாங்குதாரு."

வெளியே வந்து பார்த்தால் நஜ்முதீனும் கோவிலைச் சுற்றிய வெளித்தெருவில் வேர்த்து ஒழுக நடந்துகொண்டிருக்கிறான். உனக்கு என்ன வேண்டுதல் என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல ஆச்சி. சாயங்காலம் நாலு பேரு மட்டும் கால் வலிக்குன்னு சொன்னா என்னையில்லா ஓடச் சொல்லுவானுவ. வலிச்சா எல்லாருக்கும் ஒண்ணா வலிக்கட்டும்."

சாயங்காலம் ஒருவனாலும் ஓட முடியவில்லை. நட்ட கல்லாக நின்றார்கள். நின்ற இடத்திலிருந்தே ஒருவன் மற்றவனுக்குப் பந்தை எறிந்தான், அவன் அடுத்தவனுக்கு எறிந்தான், மதுரைக்காரர்கள் பந்தின் பின்னால் ஓடி ஓடி நாக்குத் தள்ளிவிட்டார்கள். நம்மவர்கள் ஜெயித்தார்கள். நான் ஜன்னலிலிருந்து என்ன கத்தினேன் என்று யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே. ஆனால் வருஷம் முழுவதும் ஆடிச்சுற்று வராது தம்பி. மனம் கேட்கவில்லைதான், இருந்தாலும் நியாயம் நியாயம். உன் ஆட்களை அனுப்பு.

தங்கத்தாய்க்கு என் ஆசீர்வாதம். அவள் ஊறுகாயில் உப்பு கூடுதல் என்பதையும் அன்போடு சொல். உன் தொழிலும் குடும்பமும் அம்மை நிழலில் குறைவின்றி விளங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
சுந்தரம்மாள்.

பின்குறிப்பு: இதை ஒட்டி வைத்தும் தபாலில் போடவில்லை, பிரித்து மேலும் எழுதுகிறேன். நேற்று ராஜபாளையம் பந்தயத்துக்கு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். தோற்றார்கள். கொஞ்சநஞ்சமல்ல, பார்க்கச் சகிக்காத தோல்வி. திரும்புகிற வழியில் சிவகிரியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். அழுவார்கள், ஒருவரையொருவர் ஏசுவார்கள் என்று சமாதானம் சொல்லத் தயாராக இருந்தேன்.

"என்னாலதாம்ல தோத்தோம்," என்றான் மூக்காண்டி.

"ஏலே போ, ஒன்னால தோக்குறதுக்கு நீ பந்தத் தொட்டாத்தான?" என்றான் நஜ்முதீன். "நான் போட்டதுல பாதி கூடைக்கே போவல. தோத்தது என்னாலதான்."

சங்கரபாண்டியன், அதெல்லாம் இல்லை, தன்னால்தான் என்றான். தோல்விக்கு இப்படி ஒரு போட்டியை நான் பார்த்ததில்லை. உடனே எங்கே தவறியது என்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்று ஆடிக் காட்ட ஆரம்பித்தார்கள். பந்து மூட்டையில் கட்டியிருந்ததால் என் வெள்ளிக் கூஜா கை மாறிக் கை மாறிப் பறந்தது. கடைசியில் என்னிடம் வந்தது, பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு சும்மா நிற்க முடியுமா? யார் எங்கே நிற்கவேண்டும், எந்தக் காலை ஊன்றவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நிமிர்ந்தால், எங்கள் பஸ் வந்து, நின்று, போயும்விட்டது.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. தாங்குவார்கள். உன் கோயம்புத்தூர் ஆட்களை அனுப்பாதே. அனுப்பினால் அடுத்த பஸ்ஸில் நானே திருப்பி ஏற்றிவிடுவேன். இன்னும் பால்காரன்கூட வரவில்லை, கீழே பந்து தட்டும் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். மூக்காண்டி இப்போதும் தப்பான காலைத்தான் ஊன்றுகிறான். நான் இறங்கிப் போகவேண்டும்.