சுவரில் இருந்தவர்

"அது நான்தான்" என்று எழுந்து நின்றார் குடைக்காரர்.

"உக்காருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றாள் மனைவி.

அவர் உட்காரவில்லை. திரையில் ஒரு வீட்டின் கூடம். சுவரில் சட்டம் போட்ட புகைப்படம். அதில் இருந்தவர் வாயை மூடியபடி, இடது ஓரத்தில் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கதைப்படி அவர் செத்து மூன்று நாளாகிறது.

"அந்த போட்டோவைப் பாரு. நான்."

"நீங்க எப்ப சிரிச்சீங்க?"

"பெருசு, உக்காரு" என்றது பின்வரிசை. உட்கார்ந்தார். அதற்குள் காட்சி மாறிவிட்டது. அந்தக் கூடம் மறுபடி எப்போது வரும் என்று இருக்கையின் நுனியில் காத்திருந்தார்.

அடிக்கடி வந்தது. யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து செத்த ஒரு மனிதரின் கதை அது. சாவுக்கு ஆள் வரவில்லை. ஊர் என்ன நினைக்குமோ என்று பயந்த மூன்று மகன்கள், அழுவதற்கு ஆட்களை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வந்தவர்கள் நிஜமாகவே அழ ஆரம்பித்து, வீட்டைவிட்டுப் போக மறுக்கிறார்கள். அவரைத் தெரியும் என்று யாராவது பொய் சொல்லும்போதெல்லாம் கேமரா சுவருக்குப் போகும். போட்டோ சிரிக்கும். அரங்கம் உருண்டு சிரிக்கும்.

குடைக்காரர் எண்ணினார். இருபத்திமூன்று தடவை.

பஸ் நிலையத்தில், தொலைந்த பொருள் பிரிவில் அவருக்கு இது பத்தொன்பதாவது வருடம். மக்கள் பஸ்ஸில் விட்டுப்போவதில் பாதி குடை. அதனால் குடைக்காரர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஆட்டத்தில் உப்புக்குச் சப்பாணி என்பார்களே, அப்படி. போன மாதம் ஒரு நாள், அலமாரிகளுக்கு நடுவே அவர் குடைகளுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் திறந்தபோது, "சீக்கிரம் வந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்று சொன்னார்.

படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் விளக்கினார்.

"அடையாள அட்டைக்கு ஸ்டுடியோவுல எடுத்தேனே, அப்ப எடுத்தது."

"அது உங்க அட்டையில இருக்கு. பாத்தா போலீஸ் தேடற ஆள் மாதிரி இருக்கீங்க."

"ரெண்டு எடுத்தான். ஒண்ணு அட்டைக்கு. அப்புறம், ஒண்ணு சிரிங்க சார்னான்."

"அவன் சொன்னதும் சிரிச்சிட்டீங்களாக்கும். நான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்."

மறுநாள் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனார். அங்கே இப்போது செருப்புக்கடை இருந்தது.

"ஸ்டுடியோவை மூடறப்ப சினிமாக்காரங்க வந்தாங்க சார்" என்றார் கடைக்காரர். "பழைய போட்டோவையெல்லாம் மூட்டை கட்டி அள்ளிட்டுப் போனாங்க. சுவத்துல மாட்ட வேணுமாம்."

குடைக்காரருக்கு அது போதும். நன்றி சொல்ல வேறு வழி தெரியாமல், தேவைப்படாத ஒரு ஜோடி செருப்பு வாங்கினார்.

அலுவலகத்தில் சொன்னபோது டிக்கெட் கவுண்டர் பெண் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, நீங்களா? சினிமாவுலயா?"

"சுவத்துல."

"உயிரோட இருக்கற வேஷம் எதுவும் குடுக்கலையா?"

மேலாளர் பேனாவை மூடினார். தொலைந்த பொருள் பிரிவுக்கு ஒரு விதி உண்டு. கேட்டு வருகிறவரிடம் பொருளை உடனே காட்டக்கூடாது. அவர் மூன்று அடையாளம் சொல்லவேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் பொருள் கைமாறும். அந்த விதியைத் தவிர வேறு வேதம் மேலாளருக்குக் கிடையாது.

"சும்மா நான்தான்னா எப்படிய்யா? மூணு அடையாளம் சொல்லு."

"இடது காது வெளிய தள்ளியிருக்கும்."

மேலாளர் எழுந்து வந்து, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவருடைய காதைப் பார்த்தார். "தள்ளித்தான் இருக்கு. அடுத்தது?"

"மூக்கு நுனி கீழ இறங்கியிருக்கும்."

"சரி."

"சிரிப்பு."

"சிரிய்யா பாப்போம்."

சிரித்தார்.

"அண்ணே, பல்வலியா?" என்றாள் டிக்கெட் கவுண்டர் பெண்.

சனிக்கிழமை பிரிவே கிளம்பிப் போய்ப் படம் பார்த்தது. முதன்முறையாக அவரையும் கூப்பிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு அவரைப் பற்றித்தான்.

"காது சரியா இருக்கு. மூக்கும் சரி."

"ஆனா வகிடு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"கண்ணாடி இல்ல. மீசை கோடு கிழிச்சாப்ல இருக்கு. இவரோடது துடைப்பம்."

"பழைய போட்டோ" என்றார் குடைக்காரர். "அப்ப அப்படித்தான் இருந்தேன்."

மேலாளர் நடையை நிறுத்தினார். "ரெண்டுதான் ஒத்துப்போகுது. விதிப்படி உன்னைக் காத்திருப்புல வைக்கிறேன்."

குடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கண்ணாடிமுன் நின்றார். வகிட்டை அந்தப் பக்கம் மாற்றினார். முடி படிய மறுத்தது. எண்ணெய் போட்டுப் படியவைத்தார். துடைப்பத்தைக் கோடாக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். வாயின் இடது ஓரத்தை மட்டும் உயர்த்துவதற்குப் பழகினார். முதலில் கண்ணும் சேர்ந்து மூடியது. மாலைக்குள் சரியாகிவிட்டது. பழகப் பழக, ஸ்டுடியோவில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. மேலே சுற்றிய விசிறியின் சத்தம்கூடக் கேட்டது.

திங்கட்கிழமை மேலாளர் அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'புகைப்படம் ஒன்று. உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.' முத்திரையும் குத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சீட்டில் எழுதியிருப்பது தெரியவில்லை. பச்சைப் பெட்டிக்காரருக்கு நீலப் பெட்டி போனது. ஒரு முதியவர் பல்செட்டைத் தேடி வந்தார். அவரிடம் வேறொருவரின் பல்செட்டைக் கொடுத்துவிட்டார். முதியவர் அங்கேயே மாட்டிப் பார்த்து, "முன்னைக்கு இப்ப நல்லா பொருந்துதே" என்று மகிழ்ச்சியாகப் போனார். அரைமணி கழித்து அந்தப் பல்லுக்கு உரியவர் வந்தார். அவர் கோபமாகச் சொன்னது எதுவும் யாருக்கும் புரியவில்லை.

வேறு நாளாயிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். ஆனால் அதற்குள் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. டிரைவர் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டருக்குத் தெரிந்தால் ஊருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி. எதையும் தொலைக்காதவர்களெல்லாம் தொலைந்த பொருள் பிரிவில் வரிசையில் நின்றார்கள்.

முதல் நாள் அவர் உற்சாகமாகப் பேசினார். ஸ்டுடியோ, விசிறி, செருப்புக்கடை எல்லாவற்றையும் சொன்னார். வரிசை கலைந்தது. இரண்டாம் நாள் ஒரு கல்லூரிப் பெண் போனை உயர்த்திப் பிடித்துச் சொன்னாள்:

"சார், அப்படியே இருங்க. பேசாதீங்க சார். பேசினா வேற யாரோ மாதிரி தெரியறீங்க."

பேச்சை நிறுத்தினார். வரிசை நீண்டது.

மதியச் சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்து வைத்தார்கள். "அண்ணே, இங்க!" என்றாள் டிக்கெட் கவுண்டர் பெண். யாராவது ஒருவர் பெருமையடித்துக்கொண்டால் உடனே எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள். அவர் வாயின் இடது ஓரத்தை உயர்த்துவார். மேசை அதிரும். பத்தொன்பது வருடத்தில் அவரால் நான்கு பேர் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல்முறை. சாப்பிட்டு முடித்ததும் அலமாரிகளுக்குப் பின்னால் போய்க் குடைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

ஒரு டிரைவரின் பணி ஓய்வு விழாவுக்கு அவரை மேடையில் ஏற்றினார்கள். "நீ சுவத்தை ஒட்டி நில்லு. போதும்" என்றார் மேலாளர். நின்றார். ஓய்வுபெற்ற டிரைவரைவிட அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். டிரைவர் அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

வீட்டில்தான் சிக்கல்.

"ஏங்க, உப்பு போதுமா?"

அவர் சிரித்தார்.

"போதுமா, போதாதா?"

இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எழவு வீட்டுல உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கு. எதிர்வீட்டுக்காரி நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, தைரியமா இருங்கக்காங்கறா. எதுக்குடின்னு கேட்டா அவளுக்கே தெரியல. என் தம்பி போன் பண்ணி, அத்தான் நல்லாத்தானே இருக்காருன்னு மூணு தடவை கேக்கறான்."

"படம் பாத்திருப்பான்" என்றார். குரல் துருப்பிடித்திருந்தது.

"நான் வாக்கப்பட்டவர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாரு. துடைப்பம் மாதிரி மீசை. உப்பு கம்மியா இருந்தா ஒரு மணி நேரம் குறை சொல்வாரு. அவரு எங்க?"

"அவரை யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உன்னை விட்டா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. பின்னாலேயே போய் ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தார். சமையலறை வாசலில் நின்றபோது வாய் தானாக இடது பக்கம் உயர்ந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழாவது வாரம் தியேட்டர் மேலாளர் தேடி வந்தார்.

"சார், படத்துல நடிச்சவங்க யாரும் தேதி குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான் உள்ளூர்ல இருக்கீங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாசல்ல ஒரு மேசை போடறோம். உங்க போட்டோவைப் பெருசு பண்ணி ஐநூறு பிரதி எடுத்திருக்கோம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுபோதும்."

"பேசணுமா?"

"வேண்டவே வேண்டாம் சார்."

ரசீதுகளைத் தவிர வேறு எதிலும் அவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. ரசீதுக் கையெழுத்து குட்டையாக இருந்தது. நீட்டமான ஒன்றை மூன்று நாள் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை தியேட்டர் வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போயிருந்தது. மேசையில் பிரதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பின்னால் சுவரில் அதே படம், ஆள் உயரத்துக்கு. அதற்குக் கீழே அவர். அலுவலக மேலாளரும் டிக்கெட் கவுண்டர் பெண்ணும் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். "தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு. அண்ணன் எங்க ஆபீஸ்தான்" என்றாள் அவள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும். மனைவி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆனாலும் வந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூணை ஒட்டி நின்றாள்.

அவர் எழுதினார். நிமிர்ந்தார். சிரித்தார். எழுதினார். முகங்கள் எல்லாம் மங்கலாக இருந்தன. மங்கலாக இருந்ததால் எல்லாமே அன்பாகத் தெரிந்தன. கை வலித்தது. இப்படி ஒரு வலி வாழ்நாளெல்லாம் வலித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். தான் செத்தால் இனி ஆள் வருவார்கள். இந்த வரிசையில் பாதி வந்தால்கூடப் போதும்.

நூற்றைம்பது பேருக்கு மேல் போயிருப்பார்கள். ஒரு வயதான அம்மாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். எழுபது இருக்கும். போன் எதுவும் எடுக்கவில்லை. பிரதியை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துச் சிரிப்பைக் காட்டினார். அவள் அதை நிதானமாகப் பார்த்தாள். வரிசை முனகியது.

ஏனோ அவரிடம் பேசவேண்டும் என்று தோன்றியது.

"படம் பாத்தீங்களாம்மா?"

"பதினோரு தடவை."

பதினோரு தடவை! மனைவிக்குக் கேட்டிருக்குமா என்று தூண் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் இருந்த இடம் வெறும் நிறமாகத் தெரிந்தது.

"போட்டோ பிடிச்சிருந்துதா?"

"அதுக்காகத்தானே போனேன்."

பேனாவைத் திறந்தார். பிரதியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"யார் பேருக்கும்மா போடணும்?"

"யார் பேரும் வேணாம் தம்பி. இது என் வீட்டுக்காரர்; இருந்தவரைக்கும் அவர்கிட்ட ஒருத்தர்கூட கையெழுத்துக் கேட்டதில்ல, அதான் அவருக்காக நீங்க போடறதைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."