ஜாம் புட்டி திறந்த படலம்

வாழ்க அவள் மணிக்கட்டு! கசிவெனக் கேட்டால் கனல்பவள், ரப்பர் வளையத்தை ரத்தினம்போல் ஒளியில் பிடித்து ஆராய்பவள், வட்டார ஆய்வு மேம்பாட்டு நிலையத்தில் புட்டிக்கும் பெட்டிக்கும் மூடி வகுக்கும் பொதியல் பிரிவுக்குப் பொறுப்பான பொறியாளர், சோற்றுப் பானை முதல் சொந்த வாய் வரை எதையும் இறுக மூடும் இயல்பினால் ‘மூடி மகராசி’ என்று வீட்டாராலும் அலுவலகத்தாராலும் ஒருங்கே விளிக்கப்பெற்றவள், அவள் ஓங்குக! தான் படைத்த மூடியோடு தானே பொருத அவளது போரைச் சொல்லப் புகுந்தோம். கேட்போர் சிரிப்பை அடக்கிக் கேட்பீராக.

போருக்கு மூலம் ஓர் ஒழுகல். மகராசியின் நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, ஊர்க்கோடியில் ஜாம் பட்டறை நடத்தி வந்தாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விலைபோகாமல் அழுகவிருந்த பழமெல்லாம் அவள் அண்டாவில் வீழ்ந்து செம்பொற்குழம்பாய்ப் பொங்கும். ஆயினும் என்ன? வண்டியேறிய புட்டிகள் வழியெல்லாம் குலுங்கிக் கசிந்து, லேபிளை நனைத்து, அட்டைப்பெட்டியை ஊறவைத்து, எறும்புச் சேனைக்கு இராஜபாட்டை வகுத்துக் கொடுத்து, கடைவாசல் வரை போய்க் கண்ணீரோடு திரும்பின. பட்டறைப் பெண்கள் கிளறுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலையின்றி அமர்ந்தனர். நாத்தனார் நேரே நிலையத்துக்கு வந்து, ‘சிறுதொழிலுக்குப் புதுமை’ என்று பொன்னெழுத்துப் பொறித்த பலகையின் கீழ் நின்று முழங்கினாள்:

“அண்ணி! ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி பண்றீங்க. என் ஜாம் ஒழுகாம ஒரு மூடி பண்ணித் தர முடியுமா, முடியாதா?”

நாத்தனார் வாயிலிருந்து புறப்பட்ட அந்த ‘முடியாதா’ நஞ்சு தோய்ந்த வேலெனத் தைக்க, மகராசி ஊணை மறந்தாள். உறக்கத்தை ஓரளவு மறந்தாள். அச்சுவார்ப்புப் பொறியின் முன் தவமிருந்து, வளைந்தவற்றை எறிந்து, பிளந்தவற்றைப் பழித்து, இறுதியில் ஒரு மூடியைப் பெற்றெடுத்தாள்.

மூடியின் அரங்கேற்றத்துக்குப் பெருங்கடைகளின் கொள்முதல்காரர் எழுந்தருளினார். அகன்ற தோளும், எதையும் நம்பாத கண்ணாடிக் கண்களும் உடையவர். இந்த ஆண்டிலாவது ஒரு தொழிற்கூடத்துக்கு உருப்படியாக ஏதேனும் செய்தோம் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட வேண்டுமென ஏங்கிய நிலைய இயக்குநர் அவரை வரவேற்றார். நாத்தனார் ஏந்திவந்த ஜாம் புட்டியைப் புதுமூடியால் மூடிக் குலுக்கினர், கவிழ்த்தனர், ஆய்வுக்கூடத்தின் அதிர்வுமேடையில் ஏற்றி எலும்பு நடுங்க ஆட்டினர். ஒரு துளி? இல்லை. துளியின் சாயல்? அதுவும் இல்லை. இயக்குநரின் மார்பு விம்ம, சட்டைப் பொத்தான் கலங்கியது.

அப்போது கொள்முதல்காரர் திருவாய் மலர்ந்தார்: “நல்லா இருக்கு. சரி, திறங்க. ருசி பார்ப்போம்.”

அந்தோ! இயக்குநர் திருகினார், மூடி அசையவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துப் பல்லைக் கடித்துத் திருகினார். அவர் முகந்தான் பழுத்தது. கொள்முதல்காரர் தம் பருத்த கரத்தால் பற்றி, முற்றுகையிடப்பட்ட கோட்டைக் கதவை யானை முட்டுவதுபோல் முக்கி முனகி, விரல் சிவந்து பின்வாங்கினார். குறடு வந்தது, வழுக்கிற்று. ஈரத்துணி வந்தது, கிழிந்தது. இறுதியில் படைத்தவளே களம் புகுந்து, மூச்சடக்கித் திருகித் தோற்று, நிமிர்ந்து நின்று அறைகூவினாள்:

“ஒழுகக் கூடாதுன்னு கேட்டீங்க, ஒழுகலை. திறக்கணும்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

இயக்குநர் நாற்காலியைத் தேடி அமர்ந்தார். கொள்முதல்காரர் பையைத் தோளில் மாட்டினார். எந்நாளும் எதிர்ச்சொல் தயாராக இருக்கும் நாத்தனாரின் வாய் மூடிக்கிடப்பதையும், பட்டறைப் பெண்களுக்கு என்ன பதில் சொல்வதென்று அவள் கண்கள் கலங்குவதையும் கண்ட மகராசிக்கு, நெஞ்சில் ஏதோ மரை கழன்றது.

“இங்க வா. நீ மூடியப் பிடி. நான் அடியப் பிடிக்கிறேன்.”

“விட்டுடாதீங்க அண்ணி.”

“நான் எதுக்கு விடறேன்? நீ ஒழுங்கான பக்கம் திருப்பு!”

மேசைக்காலில் பாதம் ஊன்றி, ஒருத்தி வலமும் ஒருத்தி இடமுமாய் முறுக்க, குடும்பப் படத்தில் ஓரத்தில் நிறுத்திய கோபமும், இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பித் தராத குற்றமும், ‘உன் அண்ணனை நீதான் கெடுத்தாய்’ என்ற தீராப் பழியும், இத்தனை காலம் இருவர் உள்ளத்தும் உறைந்து கிடந்த வன்மமெல்லாம் உருகி, தோள்வழி இறங்கி, முழங்கை கடந்து, மணிக்கட்டில் திரண்டு, விரல்நுனியில் வெடிக்க, டப்பென்று திறந்தது மூடி!

செம்பொன் மழை பொழிந்தது. இயக்குநரின் சட்டை பூத்தது. கொள்முதல்காரரின் கண்ணாடி மறைந்தது. அவர் கண்ணாடியை விரலால் வழித்தார். விரலை நக்கினார். இமை மூடினார். அவையே மூச்சற்று நிற்க, தீர்ப்புரைத்தார்:

“வாராவாரம் வண்டி அனுப்பறேன். மூடிய மட்டும் மனுஷங்க திறக்கற மாதிரி பண்ணிடுங்கம்மா.”

நாத்தனார் பாய்ந்து அண்ணியைத் தழுவினாள். தழுவியவள் எளிதில் விடுபட இயலாதபடி ஜாம் ஒட்டிக்கொண்டது. இயக்குநர் கைதட்டினார், முதல் தட்டிலேயே உள்ளங்கைகள் பிரிய மறுத்தன. வெற்றித்திருமகளின் இனிப்பு விரல்தொறும் சொட்ட, வீரர் நால்வரும் கைகளை ஏந்தியவாறு வரிசையாக நடந்து, தாழ்வாரம் கடந்து, கழுவுமிடம் அடைந்தனர்.

குழாயில் தண்ணீர் வரவில்லை.