தானே ஆறும் கேட்

சேக்காடு, ஆவடி.

மதிப்பிற்குரிய சம்பந்தி ராகவன் அவர்களுக்கு, மனோகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சாவித்திரியும் நலம். அங்கு நீங்களும், முழங்கால் வலி குறைந்த சம்பந்தி அம்மாளும், விடுப்பில் வந்திருக்கும் என் மகன் கௌதமும் மருமகள் ஜெயப்பிரியாவும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இது ஜெயப்பிரியா காதில் திடீரென்று விழக்கூடாத செய்தி. அவள் வயிறாரச் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

செய்தி எங்கள் வீட்டு கேட்டைப் பற்றியது. அவளுடைய அம்பத்தூர் கம்பெனியில் புதிதாக ஒரு பெயிண்ட் செய்கிறார்கள் அல்லவா, அதைச் சோதனைக்காக எங்கள் இரும்பு கேட்டில் அடித்திருந்தாள். பெயிண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எண்ணெய், கீறல் விழுந்தால் உருண்டை உடைந்து எண்ணெய் கசிந்து கீறலை மூடிக் கெட்டியாகிவிடும், துரு ஏறாது. இந்த மழைக்காலம் தாண்டி கேட் நின்றால் அவளுக்குத் தனிக் குழுவே கொடுப்பார்களாம். "மாமா, யாரையும் தொட விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினாள். நானும் தொடவில்லை. காலை நடையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அன்று மாலையே எங்கள் தெரு ஆட்டோக்காரர் துலுக்கானம் வந்து, "இன்னா சார், உங்கூட்டு கேட்டு தானா ஆறிக்குமாமே, மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே, நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ சாவியால் இடது கதவில் சர்ரென்று ஒரு கோடு இழுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் சம்பந்தி, மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கோட்டைக் காணோம்! துலுக்கானம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்க வேண்டுமா? எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஐடி பெண் ரேஷ்மா வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸப்பில் போட, கள்ளிக்குப்பத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து அதே இடது கதவில் ஆளுக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் மட்டும் கோடு போடவில்லை. பித்தவெடிப்பு விழுந்த குதிகாலை அந்தக் கதவில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இரும்பே ஆறுதாம், என் காலு ஆறாதா?" என்கிறார்.

அந்தக் கோடுகள் ஒன்றுகூட ஆறவில்லை. ஒருமுறை உடைந்த உருண்டை உடைந்ததுதான் என்று ஜெயப்பிரியா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று புரிந்து கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நேற்று துலுக்கானம் ஆட்டோவைப் பின்னால் எடுத்தபோது நான் குதித்துத் தப்பிவிட்டேன், கேட் தப்பவில்லை. இடது கதவு வில்லாக வளைந்துவிட்டது. நான் கத்தினேன். அவர் இறங்கிப் பார்த்து, "இன்னாத்துக்கு சார் டென்சன் ஆவுற? ஒரு ராத்திரி உடு, அதுவே நிமிந்துகினு நிக்கும்" என்று சொல்லிவிட்டு சவாரிக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கம்பெனி அதிகாரிகள் கேட்டைப் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு வந்த பெண்ணின் உழைப்பை என் வாயால் கெடுத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை. அவளிடம் எப்படியாவது சொல்லிவிடுங்கள். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பும், கௌதமுக்கும் ஜெயப்பிரியாவுக்கும் ஆசீர்வாதமும்.

தங்கள் அன்புள்ள,
மனோகரன்

பின்குறிப்பு: கவரில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஜெயப்பிரியாவே போன் செய்தாள். நானே எல்லாவற்றையும் உளறிவிட்டேன். அவள் பதறி, "எந்தக் கதவு மாமா?" என்றாள். இடது என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. புதுப் பெயிண்ட் வலது கதவில்தானாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இடது கதவில் அடித்தது வெறும் கடைப் பெயிண்டாம். வலது கதவை யாரும் தொடவில்லை, ஆகவே நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அப்படியானால் துலுக்கானம் போட்ட கோடு ராத்திரியில் எப்படி ஆறியது என்று சாவித்திரியிடம் கேட்டேன். "பார்க்கச் சகிக்கல, உங்க ஷூ பாலிஷை எடுத்துத் தடவினேன். அதோட டப்பா காலி" என்கிறாள்.