மாமனாரின் ஒயினும் என் மூக்கும்

பெண் கேட்டுப் போனால் எல்லா வீட்டிலும் பலகாரம் கொடுப்பார்கள். எனக்கு ஒயின் கொடுத்தார்கள். அதிலும் குடிக்கக் கொடுக்கவில்லை. முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. நான் அப்போது பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. கோவில் பாட்டுக்குழுவில் பாடும் செலினை ஒரு வருஷமாகப் பக்திப் பரவசத்தோடு பார்த்து வந்தேன் (அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது). அவளுடைய அப்பா அந்தோணிசாமி, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மதுக் கிடங்கில் பெரிய கிராணி. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பியவர். அவரே, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்று என் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

போனோம். மேசைமேல் கறுப்பாக ஒரு போத்தல் நின்றது.

"ஸ்பெயின் நாட்டு ஒயின் தம்பி. துரை கிறிஸ்துமஸுக்குக் குடுத்தாரு" என்றார் அந்தோணிசாமி. "ரெண்டு மூணு ஜாதி திராட்சையக் கலந்து, ஓக் மரப் பீப்பாயில வருஷக்கணக்கா போட்டு வச்சது. மடக்குனு குடிச்சிடக் கூடாது. மோந்து பாருங்க. என்ன வாசம் வருது, சொல்லுங்க பாப்போம்."

செலினின் அம்மா கதவோரம் நின்றார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பூசையில் சாமியார் குடிப்பார், நாங்கள் பார்ப்போம் என்பதுதான்.

முகர்ந்தேன். ஏதோ பழவாசம். அதற்குக் கீழே இன்னொரு வாசம். எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம். தினமும் காலையில் அதில்தான் கண் விழிக்கிறேன். ஆனால் என்ன அது? எல்லாரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று பிடிபட்டது. பதில் கிடைத்த சந்தோஷத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன்:

"சவப்பெட்டி!"

நான் குடியிருந்தது கார்னர்வன் ஸ்திரீட்டில், ஒரு சீனருடைய சவப்பெட்டிக் கடைக்கு மேல்மாடியில். கீழே நாள் முழுக்கப் பலகை இழைப்பார்கள். இந்த விளக்கத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தால்தானே?

செலினின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"நல்ல பெட்டி மாமா" என்றேன் அவசரமாக. "பணக்காரங்க பெட்டி லா. புதுசு. இன்னும் யாரையும் வைக்கல."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கத் திணறும் சத்தம். அந்தோணிசாமி சிரிக்கவில்லை. தன் கோப்பையை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

நிலைமையைச் சரிக்கட்டுகிறேன் பேர்வழி என்று என் கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன். பூசையில் நன்மை (திவ்ய அப்பம்) வாங்குவதற்காகக் காலையிலிருந்து வெறும் வயிறு. நாக்கு முழுக்கத் துவர்ப்பு, நெஞ்செல்லாம் எரிச்சல். புரையேறியது. அடுத்த கணம் அவருடைய வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் பூராவும் ஸ்பெயின்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அக்கா கேட்டாள்: "பூ வாசம்னு சொல்லித் தொலைச்சா என்னடா?"

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் யார் கூப்பிட்டாலும் செலின் வீட்டுச் செய்திதான் என்று எழுந்து ஓடினேன். ஒரு செய்தியும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், கீழே சவப்பெட்டிக் கடை வாசலில் அந்தோணிசாமி!

அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று கதவைத் தாழிட்டேன். மறுபடி எட்டிப் பார்த்தேன். மனுஷர் குனிந்து, தரையில் கிடந்த மரச்சுருளை ஒரு கை அள்ளி, கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தார். கடை முதலாளியான சீனத் தவுக்கே, வாடிக்கை வந்துவிட்டது என்று நினைத்து, அவருடைய உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

அந்தோணிசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதே வாசந்தான் மாப்பிள்ளை! இந்தக் கடை மேலதான் இருக்கீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க; உங்க மூக்கு பொய் சொல்லல. இந்த வாரம் பூரா கிடங்குல ஒரு பீப்பா பக்கத்துல என்னால நிக்க முடியல. எறங்கி வாங்க."

'மாப்பிள்ளை' என்ற சொல் மாடியேறி என் மூளைக்கு வந்துசேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமனார் பிறகு ஒயினைத் தொடவே இல்லை; பீருக்கு மாறிவிட்டார். இப்போதும் கல்யாண வீடுகளில் நான் கோப்பையைத் தூக்கினால் போதும், என் பிள்ளைகள் எழுந்து நின்று மரித்தோருக்கான ஜெபத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். 'ஆமென்' சொல்லி முடித்து வைப்பது செலின்.