பதினான்காம் விதிப்படி வெளியே நின்றவர்கள்

எதையும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் தபீதாளுக்கு இன்னும் போகவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பொன்னி நகர் மூன்றாம் தெரு மழைநீர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக்கியபோதே, "எனக்குக் கையெழுத்து மட்டும்தாங்க ஒழுங்கா வரும்" என்று சொல்லிப் பார்த்தார்.

"அது போதும்" என்றார் தலைவர் ஸ்ரீநிவாசராகவன். ஏதோ ஒரு துறையில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர்.

சங்கத்துக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. தெருமுனைக் கால்வாயில் மண் அடைத்திருந்தது. தீர்மானம் கைக்கு வந்தால் மறுநாளே ஜேசிபி வரும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். பொன்னி நகர் இருக்கும் முடிச்சூர்ப் பக்கம் மழை என்றால் சும்மாவா? தெருவிலேயே பள்ளமான வீடு தபீதாளுடையது. போன வருடம் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் நனைத்தவர்.

சங்கத்துக்கு அறுபத்துநான்கு பக்கத்தில் விதிகள் இருந்தன. தலைவர், அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் கேட்டு, அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் விதிகளை வரவழைத்து அப்படியே தமிழாக்கியது. பனி கொட்டும் நாளில் கூட்டம் நடத்தும் முறைகூட அதில் உண்டு.

முதல் கூட்டம் தலைவர் வீட்டு ஹாலில்.

"விதி பதினான்கு. ஒரு முடிவால் பயனடைகிற உறுப்பினர் அறையில் இருக்கக் கூடாது. தபீதாள் அம்மா, கால்வாயைத் திறந்தா உங்க வீடு முழுகாது. அது பயன்தானே?"

"ஆமா சார்."

"அப்ப வெளியே நில்லுங்க. மீறினா சட்டப்படி பொறுப்பு உங்க தலையில."

தபீதாள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்றதும் ஒரு சந்தேகம். ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். போன மழைக்கு உங்க காரு முழுகிச்சே, அது?"

தலைவர் நேர்மையானவர். எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"இன்னா சார், என் வண்டியும்தான் முழுகிச்சு" என்று ஆஸ்டினும் வந்தார். மறைமலை நகர்க் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவர். கடைசியில் ஏழு உறுப்பினர்களும் வாசலில். உள்ளே ஃபேன் மட்டும் எந்தப் பயனும் எதிர்பாராமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப யார் சார் ஓட்டுப் போடறது?"

"போதிய உறுப்பினர் இன்மையால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. எழுதிக்குங்க அம்மா."

இப்படியே மூன்று கூட்டம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் தபீதாள் கடப்பாரையோடு கால்வாய்க்குக் கிளம்பினார். ஆஸ்டின் மனைவி ஜாஸ்மின் மண்வெட்டியோடு கூடவே ஓடிவந்தாள்.

"அக்கா, தீர்மானம்?"

"அது வரைக்கும் தண்ணி நிக்குமாடி? வெட்டு!"

இரண்டு மணி நேரத்தில் தெரு வடிந்துவிட்டது.

மறுநாள் அவசரக் கூட்டம். "யாரும் வெளியே போக வேண்டாம்" என்றார் தலைவர். "தண்ணிதான் வடிஞ்சிடுச்சே, இனி யாருக்கும் பயனில்லை." சங்க வரலாற்றில் முதன்முறையாக ஓட்டெடுப்பின்போது ஏழு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. தீர்மானம் படிக்கப்பட்டது: 'தீர்மானமின்றி அகற்றப்பட்ட மண்ணை, அகற்றிய இடத்திலேயே மீண்டும் சேர்ப்பது.'

"சார், மறுபடி முழுகிடுவோம் சார்!" என்று ஆஸ்டின் அலறினார்.

"அது நஷ்டம். பயனடையறவர்தான் வெளியே போகணும். நஷ்டமடையறவர் தாராளமா ஓட்டுப் போடலாம்."

"எதிர்த்துப் போட்டா?"

"சொந்த வீட்டைக் காப்பாத்தப் போட்ட ஓட்டாயிடும். பொறுப்பு உங்க தலையில."

ஆறு கைகள் உயர்ந்தன. எல்லோரும் தபீதாளைப் பார்த்தார்கள். ஏழாவது கையும் உயர்ந்தது. ஒரு பிழையில்லாமல் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். தீர்மானம் கிடைத்துவிட்டதால், சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலையிலேயே ஜேசிபி வந்தது.

அதன் உறுமல் கேட்கும்போதே தபீதாள் கட்டில் காலுக்கு நாலு நாலு செங்கல் வைத்து முடித்திருந்தார். மிச்சக் கல் கேட்டு வாசலில் ஆறு பேர் நின்றார்கள், தலைவர் முன்னால்.

"கல்லால உங்களுக்குப் பயன்தானே சார்?" என்று பயந்துகொண்டே கேட்டார் தபீதாள். "அப்ப அங்கேயே நில்லுங்க."

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.