டிராக்டர் இருக்கைக்காக லைல் குபிசெக் நடத்திய மூன்று கெஜப் போர்

சோளக்கடல் சூழ்ந்த ஹேவன் கிரீக்கின் கோமானே, முப்பத்தோராண்டு விசில் ஊதித் தேய்ந்த உதட்டோனே, கோயிலிலன்றி வேறெங்கும் கழற்றாத தொப்பியையே மணிமுடியாய்த் தரித்தோனே, பந்தைக் கையில் சுமந்தோடும் அமெரிக்கக் கால்பந்தாடும் உயர்நிலைப் பள்ளிப் படையின் தளபதி லைல் குபிசெக்கே, வாழ்க! நெப்ராஸ்கா மண்ணில் நீ மூன்று கெஜ நிலத்துக்காக ஆற்றிய பெருஞ்சமரைப் பாடப் புகுந்தேன்.

போரின் பொருள் ஒரு துருப்பிடித்த டிராக்டர் இருக்கை. ஆண்டுதோறும் பக்கத்து ஊரான ஆல்டர்சனோடு மோதி, வென்ற ஊர் அதைத் தன் பள்ளிச் சுவரில் மாட்டும். பதினோராண்டாக அது ஆல்டர்சன் சுவரை விட்டு அசையவில்லை. இம்முறையும் அசையாவிட்டால் தளபதிப் பதவி பறிபோகும், மாணவருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பு மட்டுமே மிஞ்சும் என்று பள்ளிக்குழு லைலுக்கு ஓலை அனுப்பியிருந்தது. அன்றுமுதல் மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளி மாலை. இருபத்தொன்றுக்குப் பதினான்கு என்று பின்தங்கிக் கிடந்த நம் படை, மலையென மறித்த மாற்றார் மார்பை இடித்து, சேற்றில் புரண்டு, ஆட்டம் முடியும் கடைசி நொடியில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி கவர்ந்தது. இன்னும் ஒன்று குறை! எஞ்சியதோ ஒரே வாய்ப்பு. கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஒரு புள்ளி, சமநிலை, கூடுதல் ஆட்டம். மூன்று கெஜத்திலிருந்து பந்தைச் சுமந்து கோட்டைக் கடந்தால் இரண்டு புள்ளி, வெற்றி, இருக்கை.

அக்கணம் லைல், உறையிலிருந்து வாளை உருவுவார்போல், கால்சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையொன்றை உருவினார். எத்தனை புள்ளி பின்தங்கினால் உதைப்பது, எத்தனை பின்தங்கினால் ஓடுவது என்று கணக்கறிந்தோர் வகுத்த வேதம் அது. அந்தோ! 'ஒன்று' என்ற வரியின் மேல் பிளாஸ்டிக் பிய்ந்து, பல்லாண்டு வியர்வை இறங்கி, மை கரைந்து போயிருந்தது.

"கோச், ரெண்டுக்குப் போயிரலாம்! பசங்க சூடா இருக்காங்க!" என்று முழங்கினார் துணைத்தளபதி மெர்ல்.

"லைல்! பேசாம உதைக்கச் சொல்லுங்க! பைத்தியக்காரத்தனம் எதுவும் பண்ணித் தொலைக்காதீங்க!" என்று பார்வையாளர் படியிலிருந்து, கையிலிருந்த மாட்டுமணியைக் குலுக்கிக்கொண்டே ஆணையிட்டார் அவர் இல்லத்தரசி டார்லீன்.

லைல் ஆட்டத்தை ஒருமுறை நிறுத்தச் சொல்லி யோசித்தார். கைவசமிருந்த கடைசி நிறுத்தத்தையும் கேட்டு வாங்கி யோசித்தார்.

"கோச், இன்னும் யோசிச்சா அடுத்த வருசச் சோளமே விளைஞ்சுரும்!" என்று பதறினார் மெர்ல்.

"உதை!" என்று கர்ஜித்தார் லைல். உதைக்கும் படை களம் புகுந்தது. புகுந்த மாத்திரத்தில் பதினோராண்டு அவமானம் அவர் நெஞ்சைக் கவ்வ, "இல்ல, இல்ல! ரெண்டு! ரெண்டுக்குப் போங்க!" என்று அலறினார். ஓடும் படையும் பாய்ந்தது. மாட்டுமணியின் பேரொலியில் அலறல் கேளாத உதைவீரர் இருவர் உள்ளேயே நின்றுவிட, பதினொருவர் நிற்கவேண்டிய களத்தில் பதின்மூவர் நின்றனர்.

நடுவரின் மஞ்சள் துணி விழுந்தது. தண்டனை ஐந்து கெஜம். எட்டு கெஜத்திலிருந்து ஓடத் துணிவார் யார்? உதைப்பதே கதியாயிற்று. விண்ணளக்க எழுந்த பந்து வலக்கம்பத்தில் மோதி, கம்பத்துக்கு இப்புறமே வீழ்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பத்தின் மேல் பாகை ஊற்றியவாறே திருவாய் மலர்ந்தார் டார்லீன்: "நான் அப்பவே தொண்டை கிழியக் கத்துனேனே, ரெண்டுக்குப் போங்கன்னு. யார் கேட்டா?"

திங்கட்கிழமை எட்டு மணிக்கு லைல் கார் ஓட்டும் வகுப்புக்குப் போனார்.